தண்ணீர்க் கணக்கும் வணிக இரகசியமும்: தி டால்ஸ் நகரில் கூகுள் தரவு மையங்கள்

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் கொலம்பியா ஆற்றங்கரையில் அமைந்த தி டால்ஸ், ஏறத்தாழ 16,000 பேர் வாழும் சிறு நகரம். சுற்றிலும் செர்ரித் தோட்டங்களும் கோதுமை வயல்களும் உள்ளன. நீர்மின்சாரத்தை நம்பி இயங்கிய அலுமினிய உருக்காலை மூடப்பட்டதும், ஊரின் வேலைவாய்ப்பும் வருவாயும் சுருங்கின. 2006இல் கூகுள் தன் முதல் சொந்தத் தரவு மையத்தை இங்கே நிறுவியது. மலிவான மின்சாரம், தாராளமான நிலம், ஆண்டுக்கணக்கில் நீளும் சொத்து வரி விலக்கு ஆகியவை அந்நிறுவனத்தை ஈர்த்தன.

தரவு மையம் ஊருக்குப் பயன் தரவில்லை எனக் கூற முடியாது. கட்டுமானப் பணிகளும், வரி விலக்குக்கு ஈடாக நிறுவனம் செலுத்தும் தொகையும் உள்ளாட்சிக்குக் கைகொடுத்தன. ஆனால் கட்டடம் எழுந்தபின் அதை இயக்கச் சிலரே போதும். தண்ணீர்த் தேவையோ ஆண்டுதோறும் தொடர்கிறது. ஓயாமல் இயங்கும் சர்வர்களின் வெப்பத்தைத் தணிக்க நீர் ஆவியாக்கப்படுகிறது. ஆவியான பங்கு ஊருக்குத் திரும்புவதில்லை. நிலத்தடி நீர் எடுப்பு நெடுங்காலமாகக் கட்டுப்படுத்தப்பட்டுள்ள இப்பகுதியில் இது சிறிய செய்தியன்று.

2021இல் மேலும் இரு மையங்கள் திட்டமிடப்பட்டபோது, கூகுள் எவ்வளவு நீர் எடுக்கிறது என்று தி ஒரிகோனியன் நாளிதழ் கேட்டது. அது வணிக இரகசியம் என்று நகராட்சி மறுத்தது. தகவலை வெளியிடுமாறு மாவட்ட அரசு வழக்கறிஞர் ஆணையிட்டபின், அதை எதிர்த்து நகராட்சியே நாளிதழ்மீது வழக்குத் தொடுத்தது; வழக்குச் செலவைக் கூகுள் ஏற்றது. வழக்கு நிலுவையில் இருந்தபோதே, 2021 நவம்பரில், 2.85 கோடி டாலர் மதிப்பிலான நீர்க் கட்டமைப்பு ஒப்பந்தத்துக்கு நகர மன்றம் ஒப்புதல் அளித்தது. 2022 டிசம்பரில் சமரசம் ஏற்பட்டபின்னரே கணக்கு வெளிவந்தது: 2021இல் மட்டும் சுமார் 35.5 கோடி காலன், அதாவது ஏறத்தாழ 134 கோடி லிட்டர். நகரின் மொத்த நீர்ப் பயன்பாட்டில் இது கால் பங்குக்கும் மேல். ஐந்தாண்டுகளில் கூகுளின் பயன்பாடு ஏறக்குறைய மும்மடங்காகியிருந்தது.

ஒப்பந்தத்தில் ஊருக்கு நன்மை இருந்ததை மறுப்பதற்கில்லை. கட்டமைப்புச் செலவைக் கூகுள் ஏற்றது; பழைய உருக்காலை நிலத்தோடு தன்னிடம் வந்த நிலத்தடி நீர் உரிமைகளையும் நகருக்கு அளிக்க இசைந்தது. ஆயினும் அது நல்ல பேரமா என்று எடைபோடத் தேவையான எண்கள் முடிவெடுக்கப்பட்ட வேளையில் மக்கள் கையில் இல்லை. தண்ணீர் அவர்களுடையது, கணக்கோ அவர்களுக்கு மறைக்கப்பட்டது. அவர்கள் சார்பில் பேச வேண்டிய நகராட்சி, நிறுவனத்தின் இரகசியத்துக்குக் காவல் நின்றது.

வருவாய் குன்றிய சிற்றூரும் உலகளாவிய நிறுவனமும் ஒப்பந்தம் பேசும்போது வலிமை இயல்பாகவே ஒரு பக்கம் சாய்கிறது. தகவலும் அதே பக்கம் சேர்ந்தால் ஊருக்குப் பேரம் பேசும் திறனே இராது. எனவே, பொது நீரின் பயன்பாட்டை வணிக இரகசியமாகக் கருத இடமளிக்கக் கூடாது. நீர், மின்சாரம், வரிச் சலுகை ஆகியவற்றின் கணக்கை ஆண்டுதோறும் வெளியிடுவது, சலுகை வழங்குவதற்கு முன்நிபந்தனையாக வேண்டும்.