ஒரே பெயரில் இரண்டு ஆலயங்கள்

அயர்லாந்தின் கிழக்குக் கரையில், பாய்ன் ஆறு கடலில் சேர்வதற்குச் சில மைல் முன்னால் இருக்கிறது ட்ராஹெடா நகரம். அங்கே புனித பேதுரு ஆலயத்துக்கு வழி கேட்பவர், எந்தப் பேதுரு ஆலயம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மேற்குத் தெருவில் இருப்பது கத்தோலிக்கர்களுடையது. சற்றுத் தள்ளி மேட்டில் இருப்பது அயர்லாந்து திருச்சபை என்னும் புராட்டஸ்டண்ட் சபையாருடையது. நடந்தே போய்விடும் தூரம்தான். ஆனால் இரண்டுக்கும் இடையே ஓடியிருக்கும் ரத்தம் கொஞ்சமல்ல.

ட்ராஹெடாவே ஒரு காலத்தில் இரண்டு ஊர். ஆற்றின் வடகரையும் தென்கரையும் தனித்தனி நகரங்களாக இருந்து, வணிகத்துக்காகவும் சுங்கத்துக்காகவும் அடித்துக்கொண்டன. பிலிப் பென்னட் என்ற டொமினிக்கன் துறவி இரு கரை மக்களையும் மேட்டில் அன்றிருந்த புனித பேதுரு ஆலயத்துக்கு அழைத்து ஒற்றுமையை வலியுறுத்திப் பிரசங்கம் செய்தார். 1412இல் அரச பட்டயத்தோடு இரண்டும் ஒரே நகரமாயின. பென்னட்டின் சபையார் நடத்திய மடம் 1224இல் தொடங்கப்பட்டது. 1395இல் அல்ஸ்டர் பகுதியின் ஐரிஷ் தலைவர்கள் இங்கிலாந்து அரசன் இரண்டாம் ரிச்சர்டுக்கு அடிபணிந்ததும் அந்த மடத்தில்தான். இன்று அதில் எஞ்சி நிற்பது மக்தலேனா கோபுரம் மட்டுமே.

1649 செப்டம்பரில் இங்கிலாந்து நாடாளுமன்றப் படையின் தளபதி ஆலிவர் கிராம்வெல் நகரத்தைப் பிடிக்க வந்தார். அவருடைய பீரங்கிகள் குறிவைத்தது தென்கரையிலிருந்த புனித மரியாள் ஆலயத்தையும் அதை ஒட்டிய நகரச் சுவரையும். முதலில் ஆலயத்தின் கோபுரம் சரிந்தது, பிறகு சுவர் உடைந்தது. 11ஆம் தேதி மாலை அந்த உடைப்பு வழியே படை நுழைந்தது. காவல் படையினரில் நூறு பேர் அளவில் வடகரைக்கு ஓடி, புனித பேதுரு ஆலயத்தின் கோபுரத்தில் ஏறிக்கொண்டார்கள். சரணடைய மறுத்த அவர்களைக் கோபுரத்தோடு எரிக்க உத்தரவானது. கோபுரத்தின் கீழே தீ மூட்டப்பட்டது.

இதை எதிரிகள் கட்டிய கதை என்று தள்ளிவிட முடியாது. நாடாளுமன்ற அவைத் தலைவருக்கு எழுதிய கடிதத்தில் கிராம்வெல்லே இதை விவரிக்கிறார். அந்த ஆலயத்திலிருந்து புராட்டஸ்டண்டுகளை வெளியேற்றிவிட்டு கத்தோலிக்கர்கள் திருப்பலி நடத்தினார்கள் என்றும், அதே இடத்தில் அவர்களில் ஆயிரம் பேர் அளவில் வாளுக்கு இரையானார்கள் என்றும் கணக்குச் சொல்கிறார். நடந்ததைக் கடவுளின் நீதி என்கிறார். வழிபாட்டுத் தலத்தில் மனிதர்களை எரித்துவிட்டு அதற்குக் கடவுளையே சாட்சிக்கு அழைத்த இந்தக் கடிதம், அந்த நூற்றாண்டின் மிகக் கொடிய ஆவணங்களில் ஒன்று.

இத்தனைக்கும் பிறகு இதே ஊரில் வேறொரு வழியைத் தேடிய மனிதர் அர்மா பேராயர் ஆலிவர் பிளங்கெட். 1670இல் ட்ராஹெடாவில் இயேசு சபையாரைக் கொண்டு அவர் திறந்த பள்ளியில் கத்தோலிக்கப் பிள்ளைகளோடு புராட்டஸ்டண்ட் பிள்ளைகளும் படித்தார்கள். மூன்றே ஆண்டுகளில் அது இடிக்கப்பட்டது. 1679இல் அவரும் கைதானார். பிரெஞ்சுப் படையெடுப்புக்குச் சதி செய்தார் என்ற பொய்க் குற்றச்சாட்டு அயர்லாந்தில் எடுபடவில்லை. ஆகவே லண்டனுக்குக் கொண்டுபோய் விசாரித்து, 1681 ஜூலை 1 அன்று டைபர்னில் கொன்றார்கள். கத்தோலிக்க விசுவாசத்துக்காக இங்கிலாந்தில் உயிர்விட்ட கடைசி மறைசாட்சி அவர்.

துண்டிக்கப்பட்ட அவருடைய தலையை நண்பர்கள் காப்பாற்றினார்கள். ரோமாபுரி போய், அர்மா திரும்பி, ட்ராஹெடாவின் கன்னியர் மடத்தில் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் இருந்த அந்தத் தலை, 1921இல் மேற்குத் தெரு ஆலயத்துக்கு வந்தது. இன்றும் கண்ணாடிப் பேழைக்குள் எல்லோரும் காணும்படி இருக்கிறது. அவர் அடைபட்டிருந்த நியூகேட் சிறை அறையின் கதவும் அங்கேயே உண்டு. 1975இல் அவருக்குப் புனிதர் பட்டம் கிடைத்தது.

வருகிறவர்களில் பலரை இழுப்பது இந்தப் பேழைதான். மேட்டிலிருக்கும் மற்றப் பேதுரு ஆலயத்தையும் பார்க்காமல் திரும்புவது பாதி வரலாற்றோடு திரும்புவதாகும். எரிந்த கோபுரம் இப்போது இல்லை, இன்றைய கட்டடம் 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஆனால் கல்லறைத் தோட்டத்துச் சுவரில், சர் எட்மண்ட் கோல்டிங்கையும் அவர் மனைவியையும் அழுகும் சடலங்களாகவே செதுக்கிய 16ஆம் நூற்றாண்டுக் கற்பலகைகள் இருக்கின்றன. கிராம்வெல்லுக்கும் முந்திய அந்தக் கற்களை, அயர்லாந்து போகும் வாசகர்கள் ஏறிப்போய்ப் பார்க்க வேண்டும்.