கோபுரமும் அணிலும்

1970-களில் ராஜபாளையத்தில் எங்கள் சாரணர் முகாம். முதல் நாள் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோவிலின் 11 நிலை ராஜகோபுரத்தைப் பார்த்தோம். உயரம் சுமார் 192 அடி. மறுநாள் செண்பகத்தோப்பில் ஓடைக்கரையில் கூடாரம் அடித்து, சுள்ளி பொறுக்கிச் சமைத்தோம். யாரும் தடுக்கவில்லை.

1988-இல் அந்தக் காடு சாம்பல் நிற அணில்கள் சரணாலயமானது. 2021-இல் புலிகள் காப்பகத்தில் சேர்ந்தது. இப்போது நினைத்தபடி தங்க முடியாது. நண்பர்களுக்கு அதில் வருத்தம், எனக்கில்லை. அந்த அணில் தரையில் இறங்குவது அபூர்வம். மரத்துக்கு மரம் தாவியே இரை தேடும். கிளைகள் கோத்து நிற்காவிட்டால் அதற்கு வழியே இல்லை.

கோபுரத்துக்குத் திருப்பணி செய்ய ஸ்தபதிகள் உண்டு. காட்டுக்கு, வெட்டாமல் விடுவதுதான் திருப்பணி. பேரப்பிள்ளைகளோடு போகிறவர்கள் வனத்துறை அனுமதிக்கும் இடம்வரை போய், சத்தமில்லாமல் அண்ணாந்து பாருங்கள்.