கசார் வேந்தன் சமயந் தேர்ந்த வரலாறு

மக்களுட் பெரும்பாலார் சமயத்தைத் தேர்ந்து கொள்பவரல்லர். பிறப்பினாற் பெறுபவரே ஆவர். மொழியும் ஊரும் எங்ஙனம் கேளாமலே வந்து சேர்கின்றனவோ அங்ஙனமே சமயமும் வந்து சேர்கின்றது. ஆயினும், ஒரோவழி ஒருவன் தன் நெஞ்சத்து எழுந்த ஐயத்தைத் தணித்தற்கு வழி காணாது, 'இவற்றுள் மெய்ந்நெறி யாது?' என வினவப் புகுகின்றான். அவ்வினா தனிமகன் ஒருவனிடத்து எழுமாயின் ஒரு குடும்பம் கலங்கும். அரசன் ஒருவனிடத்து எழுமாயின் ஒரு நாடே மாறும். ஆபிரகாமைத் தந்தையெனப் போற்றும் யூதம், கிறித்தவம், இசுலாம் ஆகிய மூன்று சமயங்களையும் ஒருங்கு நிறுத்தி வினவித் தேர்ந்தான் எனப்படும் ஓர் அரசனது வரலாறு ஈண்டு உரைக்கப்படும். நம் குடும்பங்களுக்கும் அதனாற் கொள்ளத்தக்க பயன் உண்டென்பது முடிவிற் புலனாகும்.

காசுப்பியன் கடலுக்கும் கருங்கடலுக்கும் இடையே, காக்கேசிய மலைக்கு வடக்கே பரந்து கிடந்த புல்வெளி நிலத்தைக் கி.பி. ஏழாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து பத்தாம் நூற்றாண்டு வரையில் ஆண்டவர் கசார் எனப்படும் துருக்கிய இனத்தார். காசுப்பியன் கடலை அராபியர் 'கசார் கடல்' என்றே வழங்கினர் எனின், அவர்தம் பெருமை கூறவும் வேண்டுமோ? வால்கா ஆறு கடலொடு கலக்குமிடத்து அமைந்த இட்டில் என்பது அவர்தம் பிற்காலத் தலைநகர். வடநாட்டு மயிர்த்தோலும் தேனும் மெழுகும் அடிமைகளும் அவ்வழியே தெற்கு நோக்கிச் சென்றன. அவ்வணிகத்தின்மீது பெற்ற வரியே அரசின் செல்வமாக இருந்தது. அவர்க்கு அரசர் இருவர். ககான் என்பவர் தெய்வத்தன்மை உடையவராக மதிக்கப்பெற்று மக்கள் கண்ணிற் படாது வாழ்பவர்; பெக் என்பவர் படை நடத்தி நாடாள்பவர். பண்டு அவர்கள் வணங்கியது வானத்தை ஆளும் தெங்கிரி என்னும் தெய்வத்தை.

இந்நாட்டிற்குத் தெற்கிலும் மேற்கிலும் இரு பேரரசுகள் இருந்தன. ஒன்று கலீபாக்கள் ஆண்ட அராபியப் பேரரசு. மற்றொன்று கான்சுதாந்திநோப்பிளைத் தலைநகராகக் கொண்ட கிறித்தவ ரோமப் பேரரசு. அராபியரொடு கசார் மக்கள் நூறாண்டுக்கு மேற் போர் புரிந்தனர். கி.பி. 730-இல் அர்தபீல் என்னுமிடத்து அராபியப் படையை முறியடித்தனர். 737-இல் மார்வான் என்னும் தலைவனிடம் தாமே தோற்றனர். தோற்ற ககான் இசுலாத்தை ஏற்றல் வேண்டும் என்பது வென்றவன் விதித்த கட்டளை. ககான் அதற்கு இசைந்தார். ஆனால் படை திரும்பிய பின் அவ்விசைவு நெடுநாள் நிற்கவில்லை. வாளின் முன் வாய் கூறியதை நெஞ்சம் ஏற்காது என்பதற்கு இஃதொரு சான்று. மற்றைப் பேரரசொடு அவர்க்கு மணவுறவு இருந்தது. கசார் அரசிளங்குமரி ஒருத்தி ஐந்தாம் கான்சுதந்தீன் என்னும் பேரரசனை மணந்து ஐரீன் எனப் பெயர் பெற்றாள். அவள் மகன் கி.பி. 775 முதல் 780 வரை ஆண்டு, 'கசாரியனாகிய லியோ' என்றே வழங்கப்பெற்றான்.

இந்நிலையில், இரு பேரரசின் சமயத்தையும் விடுத்து, நாடும் படையும் இல்லாத யூதரது சமயத்தைக் கசார் அரசர் தழுவினர் என்பதே உலகம் வியக்கும் செய்தி. அது நிகழ்ந்த வகையை யோசேப்பு என்னும் கசார் அரசர் பத்தாம் நூற்றாண்டின் நடுவில் எழுதிய கடிதம் ஒன்று கூறுகின்றது. சுபெயின் நாட்டுக் கார்தோபா நகரில் கலீபாவின் அவையில் உயர்பதவி வகித்த யூதராகிய அசுதாய் என்பவர் வினவி விடுத்த ஓலைக்கு மறுமொழி அது. அதன்படி, புலான் என்னும் அரசன் கனவில் வானவன் ஒருவன் தோன்றி உண்மைநெறிக்கு அழைத்தான். அதனை அறிந்த அண்டை அரசர் இருவரும் பொன்னும் அறிஞரும் விடுத்துத் தத்தம் சமயத்திற்கு ஈர்க்க முயன்றனர். அரசன் மூன்று சமயத்தாரையும் கூட்டி வாதிடச் செய்தும் முடிவு காணவில்லை. பின்னர்க் கிறித்தவ குருவைத் தனியே அழைத்து, 'யூதம், இசுலாம் இரண்டனுள் எது சிறந்தது?' என்று வினவினான். அவர் யூதமே என்றார். இசுலாமிய நீதிபதியை அழைத்து, 'யூதம், கிறித்தவம் இரண்டனுள் எது சிறந்தது?' என்று வினவினான்; அவரும் யூதமே என்றார். 'மாற்றார் இருவரும் ஒப்புக்கொண்டதே எனக்குரியது' என்று அரசன் துணிந்தான் என்ப.

இக்கதை அழகியது, ஆனால் வரலாறு ஆராய்வோர் அழகை மட்டும் நோக்கி அமைதல் கூடாது. எகிப்து நாட்டுக் கெய்ரோவிலுள்ள பழைய யூதத் தொழுகை இல்லத்து ஏட்டறையினின்று கிடைத்து, 1912-இல் வெளியிடப்பெற்ற மற்றொரு கடிதம் வேறு வகையாகக் கூறுகின்றது. கசார் மக்களொடு கலந்து வாழ்ந்த யூத மரபினன் ஒருவன் போரில் வென்று தலைமை பெற்றான் என்றும், அவன் மனைவியின் தூண்டுதலால் முன்னோர் நெறிக்குத் திரும்பினான் என்றும், அதன் பின்னரே வாதம் நிகழ்ந்தது என்றும் அது கூறும். பதினொன்றாம் நூற்றாண்டு அராபிய ஆசிரியராகிய அல்-பக்ரி, வாதிட வந்த இசுலாமிய அறிஞர் வழியிலேயே நஞ்சூட்டப்பெற்றார் என்று எழுதினார். ஒவ்வொருவரும் தத்தம் சமயம் தோலாதவாறு கதையை அமைத்தனர் என்பது வெளிப்படை. அண்மைக்காலத்து ஆராய்ச்சியாளர் சிலர், இம்மாற்றம் நிகழவே இல்லை என்றும் வாதிடுவர்.

ஆயினும் முற்றும் புறந்தள்ளவியலாத சான்றுகள் சில உள. ஏறத்தாழக் கி.பி. 864-இல் பிராங்கு நாட்டுத் துறவி ஒருவர் மத்தேயு நூலுக்கு வரைந்த உரையில், கசார் மக்கள் யூதநெறியை முற்றும் கைக்கொண்டுள்ளனர் எனக் குறித்துள்ளார். சுவீடன் நாட்டைச் சேர்ந்த கோத்லாந்து தீவில் 1999-இல் அகழ்ந்தெடுத்த பெரும் வெள்ளிப் புதையலில் நாணயம் ஒன்று காணப்பெற்றது. அராபிய நாணயத்தைப் பார்த்து வார்க்கப்பெற்ற அதில், முகம்மதுவின் பெயர் நிற்கும் இடத்தில், 'மோசே இறைவனின் தூதர்' என்னும் பொருளுடைய தொடர் பொறிக்கப்பெற்றிருந்தது. அது கி.பி. 837-838-ஐச் சார்ந்தது, கசார் நாட்டு நாணயமென அறிஞர் கருதுவர். எனவே அரசரும் அவைக்களத்தாருமேனும் யூதநெறி தழுவினர் என்று கொள்வதே பொருத்தமாம்.

அற்றேல், அவ்வரசன் மெய்ந்நெறி நாடித் தேர்ந்தானோ, அரசியல் கருதித் தேர்ந்தானோ எனின், கூறுவல். இசுலாத்தை ஏற்றிருப்பின் கலீபாவிற்கு அடங்கியவனாகக் கருதப்பட்டிருப்பான். கிறித்தவத்தை ஏற்றிருப்பின் பேரரசனுக்கு அடங்கியவனாகக் கருதப்பட்டிருப்பான். மூன்றாம் நெறியோ, இருவராலும் மதிக்கப்பெற்ற பழைய வேதத்தை உடையது, எவ்வரசர்க்கும் அடிமைப்படுத்தாதது. ஆதலின் அரசியற் காரணம் இருந்தது என்பதில் ஐயமில்லை. எனினும் அது கொண்டே நெஞ்சின் வேட்கை இல்லை என்று துணிதலும் தகாது. மனிதர் செயலுக்குக் காரணம் ஒன்றாகவே இருத்தல் அரிது.

அதே வால்கா ஆற்றின் கரையை நோக்குவோம். வடபால் வாழ்ந்த பல்கார் மக்களின் அரசன், தனக்குச் சமயம் கற்பிப்போரையும், கோட்டை கட்டப் பொருளையும் வேண்டிக் கலீபாவிற்கு விண்ணப்பித்தான். அதன்மேல் பாக்தாதினின்று 921-இல் புறப்பட்ட தூதுக்குழு 922-இல் அவனை அடைந்தது. உடன்சென்ற இபின் பத்லான் எழுதிய குறிப்பு இன்றும் உளது. கசார் அரசன் அவன் மகனைப் பிணையாக வைத்திருந்தான் என்பதையும், அக்கொடுமையினின்று காத்துக்கொள்ளவே கோட்டை வேண்டினான் என்பதையும் அக்குறிப்பால் அறிகின்றோம். அவன் தேர்ந்தது இசுலாம்.

மேற்கே கீவ் நகரை ஆண்ட விளாதிமிர் என்பவனும் இங்ஙனமே 986-இல் நாற்றிசைச் சமயத்தாரையும் கேட்டான் என்று பன்னிரண்டாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் தொகுக்கப்பெற்ற பழைய உருசிய வரலாற்று நூல் கூறும். மதுவை விலக்கும் நெறி தன் மக்கட்கு ஏலாது என்று இசுலாத்தை மறுத்தான். 'நாட்டை இழந்து சிதறிய நீவிரோ எமக்குக் கற்பிப்பீர்?' என்னும் கருத்துப்பட யூதரை அனுப்பிவிட்டான். பின்னர்ப் பதின்மரை விடுத்து நேரிற் காணச் செய்ய, கான்சுதாந்திநோப்பிள் கோயில் வழிபாட்டின் அழகில் மயங்கி வந்து கூறினர் அவர். 988-இல் அவன் கிரேக்கர்தம் கிறித்தவநெறி தழுவிப் பேரரசனின் தங்கை அன்னாவை மணந்தான். உள்நாட்டுக் கலகத்தில் இடருற்றிருந்த பேரரசனுக்கு அவன் படை உதவியதும் அக்காலத்தேயாம். இங்ஙனம் அண்டை நாட்டார் மூவர் மூன்று சமயங்களைத் தேர்ந்தனர். மூவரும் மெய்யையே நாடினர் என்று அவரவர் வழியினர் கூறுவர். மூவர்க்கும் அதனால் உலகியற் பயனும் இருந்தது.

தேர்ந்த பின் செய்தது யாது என்பதிலேதான் வேற்றுமை மிகுதியும் விளங்குகின்றது. விளாதிமிர் பழைய தெய்வ உருவங்களை ஆற்றில் எறிவித்து, மறுநாள் ஆற்றிற்கு வந்து முழுக்குப் பெறாதார் தன் பகைவராவர் என்று ஆணை பிறப்பித்தான் என அந்நூலே கூறும். கசார் நாட்டிலோ, அரசன் யூதனாக இருந்தும் யூதர் தொகையிற் சிறுபான்மையினராகவே இருந்தனர் என்று அராபிய நிலநூலாசிரியராகிய இசுதக்ரி எழுதியுள்ளார். அல்-மசூதி என்பார், இட்டில் நகரில் நீதிபதிகள் எழுவர் இருந்தனர் என்று குறிப்பிடுகின்றார். இசுலாமியர்க்கு இருவர், கசார் யூதர்க்கு இருவர், கிறித்தவர்க்கு இருவர், பழைய தெய்வங்களை வணங்குவோர்க்கு ஒருவர் என அவரவர் முறைப்படி நீதி வழங்கப்பெற்றது. குற்றமே இல்லாத அரசு அது என்று புகழ்வதும் முறையன்று. வேற்று நாட்டில் யூதர் தொழுகை இல்லம் இடிக்கப்பெற்றது கேட்டு, இட்டில் நகர்ப் பள்ளிவாசலின் கோபுரத்தை இடிப்பித்துத் தொழுகைக்கு அழைப்போரைக் கொல்வித்தான் ஓர் அரசன் என்ற செய்தியும் இபின் பத்லான் குறிப்பில் உளது. எனினும் தன் தேர்வைப் பிறர்மேற் சுமத்தாமை அவ்வரசின் பொதுவியல்பாக இருந்தது. 965-ஐ ஒட்டிய ஆண்டுகளில் விளாதிமிரின் தந்தையாகிய சுவியத்தொசுலாவ் படையெடுத்து அவ்வரசை வீழ்த்தினான்.

அரசு வீழ்ந்தும் கதை வீழவில்லை. சுபெயின் நாட்டு யூதப் புலவராகிய யூதா அலேவி, 1140-ஐ ஒட்டி அரபு மொழியில் 'கூசாரி' என வழங்கும் உரையாடல் நூலை யாத்தார். அதில் அரசனுக்குக் கனவில் உணர்த்தப்பெறுவது, அவன் எண்ணம் இறைவனுக்கு உவப்பே எனினும் செயல் உவப்பன்று என்பதாம். அதனால் அவன் முதலில் தத்துவ அறிஞன் ஒருவனையும், பின்னர்க் கிறித்தவரையும் இசுலாமியரையும், இறுதியில் யூதரையும் வினவுகின்றான். நல்லெண்ணம் மட்டும் போதாது, செயலும் வேண்டும் என்பதே அந்நூலின் வாயில். சமயம் ஆராய்வோர் யாவரும் நினைவிற் கொள்ளத்தக்க கருத்து இது.

பல சமயத்தாரையும் வினவித் தெளிதல் தமிழ் மக்கட்குப் புதியதன்று. மணிமேகலை வஞ்சி மாநகரில் சமயக் கணக்கர் பலர் திறமும் கேட்டுப் பின்னரே காஞ்சியில் அறவணவடிகள்பால் அறம் பெற்றாள். வாதத்தில் வென்றாரைச் சூழ்ந்து ஆரவாரித்தலும், தேர்ந்தாரைக் குறைகூறலும் எளிய. கேட்டற்கு வேண்டும் பொறுமையே அரியது.

இனி, நம் சங்கத்தார் கூடுமிடங்களில் அடிக்கடி எழும் வினா ஒன்று உண்டு. குடும்பத்து இளைஞர் ஒருவர் வேறு சமயம் தழுவினால் அவரை மணவினைக்கும் நீத்தார் கடனுக்கும் அழைக்கலாமோ, தலைக்கட்டுப் புத்தகத்தினின்று பெயரை நீக்கல் வேண்டுமோ என்பது அது. நீக்குதலே முறை என்போர், ஒருவரை விட்டால் குலமே கலையும் என அஞ்சுகின்றனர். அவ்வச்சத்தை இகழ்தல் தகாது. காதல் மணத்தின் பொருட்டும் உலகியற் பயனின் பொருட்டும் மாறுவோர் உண்டென்பதும் உண்மை. ஆனால் வேந்தரும் பயன் கருதியே மாறினர் என்று மேலே கண்டோம். அவரை வரலாறு குலம் நீக்கவில்லை. 1950 முதல் நடைமுறையிலுள்ள நம் அரசியலமைப்பின் 25-ஆம் உறுப்பு, மனச்சான்றின் உரிமையை எல்லார்க்கும் அளித்துள்ளது. அரசே கொடுத்ததை உறவினர் பறித்தல் நன்றோ?

சைவராகிய நமக்கு இதனினும் நெருங்கிய சான்று ஒன்று உளது. மருணீக்கியார் சமண் சமயம் புகுந்து தருமசேனர் எனப் பெயர் பெற்ற காலத்தே, தமக்கையார் திலகவதியார் வருந்தினார், இறைவனை வேண்டினார், தம்பியை வெறுத்தாரல்லர். சூலைநோய் வருத்தத் திருவதிகைக்கு அவர் வந்தபோது திருநீறளித்து ஏற்றார். 'மீண்டமையால் ஏற்றார்' எனச் சிலர் கூறுவர். வாயில் திறந்திருந்தமையாலன்றோ அவர் மீண்டார்! தமக்கையார் கதவடைத்திருப்பின் நமக்குத் திருநாவுக்கரசர் கிடைத்திரார்.

ஆதலின், தேடப் புகும் இளைஞர்க்குச் சொல்லத்தக்கன இரண்டு: ஒரு சமயத்தைப் பற்றி அதன் அன்பரை மட்டுமன்றி மாற்றாரையும் வினவுக; தேர்ந்தபின் அதன்படி ஒழுகுக. பெரியோர்க்குச் சொல்லத்தக்கது ஒன்றே: தேடுவோனுக்கு வீட்டு வாயிலை அடைக்கற்க. இட்டில் நகரத்து வேந்தன் தன் நெறியல்லா நெறியினர்க்கும் நீதிபதியரை வைத்தான். நாம் நம் பந்தியில் ஓர் இலை இடுதல் அரிதாமோ?