ஏர் ரைபிள்: எஃகு ஸ்பிரிங்கா, கேஸ் பிஸ்டனா?

கொட்டாம்பட்டியிலிருந்து நால்வழிச் சாலையில் தெற்கே போனால் மதுரை, வடக்கே போனால் திருச்சி. இரண்டு ஊரிலும் ரைபிள் கிளப் இருக்கிறது. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 10 மீட்டர் ஏர் ரைபிளில் டோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக் வரை போனார். 2022இல் திருச்சி ரைபிள் கிளப்பில் நடந்த மாநிலப் போட்டியில் நடிகர் அஜித்குமார் பதக்கங்களை அள்ளினார். அதன்பிறகு ‘எனக்கும் ஒரு ஏர் ரைபிள்’ என்று கேட்கும் பிள்ளைகள் கூடியிருப்பதில் வியப்பில்லை. கடைக்குப் போனால் முதலில் வரும் கேள்வி: சாதா ஸ்பிரிங் போதுமா, சில ஆயிரம் கூடப் போட்டு கேஸ் பிஸ்டன் வாங்கலாமா?

இரண்டும் வேலை செய்யும் விதம் ஒன்றுதான். குழலை மடக்கும்போது உள்ளே ஒரு பிஸ்டன் பின்னால் போய் மாட்டிக்கொள்ளும். விசையைத் தட்டியதும் அது முன்னால் பாய்ந்து காற்றை அமுக்க, அந்தக் காற்று பெல்லட் எனும் குண்டைத் தள்ளும். பிஸ்டனைத் தள்ளுவது எஃகுச் சுருளா, அடைபட்ட வாயுவா என்பதில்தான் வேறுபாடு. கார் டிக்கியின் கதவைத் தூக்கி நிறுத்தும் கேஸ் தண்டின் தத்துவமே கேஸ் பிஸ்டனிலும் இருக்கிறது.

கூடுதல் காசுக்குக் கூடுதல் வேகம் கிடைக்கும் என்று நினைப்பவர்கள் சட்டத்தைப் பார்க்க வேண்டும். 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, 0.177 அங்குலத்துக்கு மேற்படாத குழல் துளையும் 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றலும் உள்ள ஏர் ரைபிளுக்குத்தான் உரிமம் தேவையில்லை. 0.53 கிராம் பெல்லட் ஒன்று விநாடிக்குச் சுமார் 275 மீட்டர் வேகத்தில் பறந்தாலே அந்த வரம்பைத் தொட்டுவிடும். ஸ்பிரிங்குக்கும் கேஸுக்கும் இதே உச்சவரம்புதான். ஆகவே கூடுதல் காசு வலிமையை வாங்கித் தருவதில்லை. துப்பாக்கி உதைக்கும் விதத்தைத்தான் மாற்றித் தருகிறது.

ஸ்பிரிங் துப்பாக்கி இருமுறை உதைக்கும். பிஸ்டன் முன்னால் பாயும்போது துப்பாக்கி பின்னால் வரும். பிஸ்டன் போய் நின்றதும் முன்னால் இழுக்கும். சுருள் விரியும்போது லேசாக முறுக்கிக்கொள்ளும், ‘டொய்ங்’ என்று அதிரும். கேஸ் பிஸ்டனில் அந்த முறுக்கலும் அதிர்வும் இல்லை. சுருளின் எடை இல்லாததால் விசை தட்டியதற்கும் பெல்லட் கிளம்புவதற்கும் இடைப்பட்ட நேரமும் குறையும். ஆனால் உதை மறைந்துவிடாது. சுருக்கென்று, கூர்மையாக வரும். இரண்டிலுமே பெல்லட் குழலை விட்டு வெளியேறும் முன் துப்பாக்கி அசையத் தொடங்கிவிடுகிறது. அதனால் இறுக்கிப் பிடிக்காமல், ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி தளர்வாகப் பிடிக்கப் பழகுவதுதான் குறியைத் தீர்மானிக்கும்.

மடக்குவதில் ஸ்பிரிங்குக்கே சாதகம். தொடக்கத்தில் இலகுவாக இருந்து போகப்போகக் கனக்கும். கேஸ் முதலிலிருந்தே முரண்டு பிடிக்கும். பள்ளிப் பிள்ளையின் கைக்கு அது சிரமம். வெயிலிலும் வேறுபாடு உண்டு. அடைபட்ட வாயு 20 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்குச் சூடேறினால் அழுத்தம் சுமார் 7 சதவீதம் கூடும். மார்கழிக் காலையில் சரிசெய்த குறியைச் சித்திரை மதியத்தில் மறுபடி பார்க்க வேண்டிவரலாம். எஃகுக்கு அந்த அளவு தொல்லை இல்லை.

கேஸ் பிஸ்டனுக்குச் சொல்லப்படும் பெரிய சிறப்பு, மணிக்கணக்கில் மடக்கி வைத்திருந்தாலும் தளராது என்பது. அது இரைக்காகக் காத்திருக்கும் வேட்டைக்காரருக்கான வசதி. இங்கே 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடைசெய்திருக்கிறது. தோட்டத்தை மேயும் மயில் அந்தச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. அதைச் சுட்டால் வழக்குதான். அட்டையில் ஓட்டை போடுகிறவர் சுடும் நேரத்தில் மட்டும் மடக்கினால் போதும். நமக்குப் பயன்படாத சிறப்புக்குக் காசு எதற்கு?

பழுது வந்தால் வித்தியாசம் இன்னும் தெளிவாகத் தெரியும். தளர்ந்த சுருளைத் தெரிந்த கைகள் மாற்றிவிடலாம், செலவும் குறைவு. கேஸ் கசிந்தால் பெரும்பாலும் முழு உருளையையே மாற்ற வேண்டும், தயாரித்தவரிடம் சொல்லி வரவழைக்க வேண்டும். இரண்டுக்கும் ஆகாதது ஒன்றே: பெல்லட் இல்லாமல் சுடுவது. பிஸ்டனைத் தாங்கி நிறுத்தும் காற்று மெத்தை அப்போது இல்லாமல் போய், பிஸ்டன் முட்டி உள்ளே சேதமாகும்.

நடுவழி ஒன்றும் இருக்கிறது. சுருளுக்குள் பொருத்தமான வழிகாட்டித் தண்டு, அதன்மேல் அளவாகக் கெட்டி கிரீஸ். இவ்வளவு செய்தாலே ஸ்பிரிங்கின் அதிர்வில் பெரும்பகுதி அடங்கிவிடும். உதையை முற்றாக ஒழிக்க நினைத்தவர்கள் வேறு வழியில் போனார்கள். ஜெர்மனியின் ஃபைன்வெர்க்பாவ் நிறுவனம் 1960களில் துப்பாக்கியின் இயந்திரப் பகுதியைத் தண்டவாளத்தில் நகரவிட்டது. இன்று ஒலிம்பிக்கில் 0.5 மி.மீ. அளவுள்ள பத்துப் புள்ளியைக் குறிவைக்கும் ரைபிள்களில் சுருளும் இல்லை, கேஸ் பிஸ்டனும் இல்லை. முன்பே அமுக்கி நிரப்பிய காற்றுதான். அந்த இடத்துக்குப் போக நினைக்கும் பிள்ளைக்குக் கேஸ் பிஸ்டன் ஒரு படிக்கட்டே அல்ல.

ஆகவே, கற்றுக்கொள்ளத் தொடங்குகிறவருக்கு ஸ்பிரிங்கே போதும். அதிர்வும் சத்தமும் பிடிக்காதவர், கைவலு உள்ளவர், பழுதானால் காத்திருக்கத் தயங்காதவர் கேஸ் வாங்கலாம். வாங்குவது சொகுசு என்று தெரிந்து வாங்க வேண்டும். மிச்சமாகும் சில ஆயிரத்தை நல்ல பெல்லட்டுக்கும் கிளப் கட்டணத்துக்கும் போடுங்கள். மதிப்பெண் ஏறுவது அங்கேதான்.