சாக்கடைப் பள்ளத்தில் கிடைத்த கார்னெட்

கனிமம் சேகரிக்க மலைக்கும் சுரங்கத்துக்கும்தான் போக வேண்டும் என்று நினைக்கிறீர்களா? நியூயார்க் நகரத்தின் கதையைக் கேளுங்கள்.

மன்ஹாட்டன் தீவின் அடியில் இருப்பது ஷிஸ்ட் என்ற உருமாறிய பாறை. பூமியின் ஆழத்தில் வெப்பமும் அழுத்தமும் தாக்கியபோது அதற்குள் கார்னெட் போன்ற படிகங்கள் வளர்ந்தன. 19ஆம் நூற்றாண்டில் தெருக்களுக்கும் கட்டடங்களுக்கும் இந்தப் பாறையை வெட்டினார்கள். 1885இல் மேற்கு 35ஆம் தெருவில் சாக்கடைக்காகத் தோண்டியபோது, சுமார் 4.4 கிலோ எடையுள்ள ஒற்றைக் கார்னெட் படிகம் கிடைத்தது! மறு வருடமே, 1886இல், ரத்தினக்கல் நிபுணர் ஜார்ஜ் குன்ஸும் நண்பர்களும் நியூயார்க் கனிமவியல் கழகத்தைத் தொடங்கினார்கள்.

வேடிக்கை என்னவென்றால், அந்தக் கல்லுக்கு நிலைத்த பெயர் 'சப்வே கார்னெட்'. ஆனால் அங்கே சுரங்க ரயில் ஓடத் தொடங்கியதே 1904இல்தான்! கண்டெடுத்த தெருவும் வருடமும் பதிவானதால்தான் இந்தத் தவறு நமக்குத் தெரிகிறது.

மலை அங்கேயே இருக்கும். மறுபடி போய்ப் பார்க்கலாம். நகரத்துப் பள்ளமோ சில நாளில் மூடிவிடும், மேலே கட்டடம் எழும்பிவிடும். பிறகு அந்த இடத்துக்குச் சாட்சி, எடுத்த கல்லும் அதனுடன் ஒட்டிய சீட்டும்தான். சீட்டு தொலைந்தால் அது வெறும் அழகான கல், அவ்வளவே.