தாயுயிர் காத்த பேதியுப்பு

வயிற்றைக் கழுவுதற்குப் பயன்படும் பேதியுப்பைப் பலரும் அறிவர். இங்கிலாந்தின் எப்சம் என்னும் ஊரின் ஊற்றுநீரிலிருந்து 17-ஆம் நூற்றாண்டில் எடுக்கப்பட்டமையின் எப்சம் உப்பு எனவும் அது பெயர் பெற்றது. வேதியியலார் மெக்னீசியம் சல்பேட் என்பர். விலை மலிந்த அவ்வுப்பு, தாய்மாரின் உயிர்காக்கும் மருந்தென ஐயமற நிலைபெறுவதற்குத் தொண்ணூறு ஆண்டுகள் தேவைப்பட்டன. அவ்வரலாறு, ஆசிரியரும் பிறரும் அறியத் தக்கது.

கருவுற்ற மகளிருள் சிலருக்கு, ஐந்தாம் திங்களுக்குப் பின்னர் இரத்த அழுத்தம் உயரும். சிறுநீரில் புரதம் கழியும். இந்நிலை முற்றுமாயின் வலிப்புத் தோன்றித் தாய், சேய் இருவரின் உயிருக்கும் இறுதி விளைக்கும். சூல்வலிப்பாகிய இதனை மேலைநாட்டார் எக்லாம்சியா என்பர். திடீரென ஒளிர்தல் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லின் வழிவந்தது அப்பெயர். மின்னல்போல் தாக்கும் நோய்க்கு அது பொருத்தமானதே.

இந்நோய்க்கு மெக்னீசியம் சல்பேட்டை 1906-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் முதன்முதல் பயன்படுத்தினர். 1920-களில் அமெரிக்க மருத்துவர் அதனை ஊசிவழிச் செலுத்தலாயினர். ஆயினும் பிரிட்டனிலும் வேறு பல நாடுகளிலும் டயசிபாம், பெனிட்டோயின் முதலிய மருந்துகளே பெரிதும் வழங்கின. அவரவர் தத்தம் ஆசான் காட்டிய வழியே நின்றனர். இவற்றுள் எது சிறந்தது என்று போதிய அளவில் ஒப்பிட்டுப் பார்த்தார் இலர்.

அதற்குக் காரணம் உண்டு. 1992-ஆம் ஆண்டளவில் பிரிட்டனில் ஏறத்தாழ 2,000 பேற்றுக்கு ஒருவரே இந்நோய்க்கு ஆளாயினர். ஒரு மருத்துவமனை பல்லாண்டு முயன்றாலும் முடிவு காணப் போதிய நோயாளர் சேரார். நோய் மிக்க ஏழை நாடுகளிலோ ஆராய்ச்சிக்குப் பொருள் இல்லை. ஒருபால் ஆராயும் முறையும் பொருளும் இருந்தன. மற்றொருபால் விடை வேண்டிக் கிடந்த தாய்மார் இருந்தனர். இரண்டும் இணைந்தாலன்றி உண்மை புலப்படாது.

அவ்விணைப்பு 1990-களில் நிகழ்ந்தது. இந்தியா, கானா, உகாண்டா, அர்ஜென்டினா உள்ளிட்ட நாடுகளின் மருத்துவமனைகள் ஆக்ஸ்போர்டு ஆய்வாளருடன் சேர்ந்து, சூல்வலிப்புற்ற 1,687 மகளிருக்குச் சிகிச்சை அளித்தன. எவருக்கு எம்மருந்து என்பது மருத்துவர் விருப்பத்தால் அன்றிக் குலுக்கல் முறையால் முடிவாயிற்று. 1995-இல் முடிவு வெளிவந்தது. மெக்னீசியம் பெற்றவரிடத்து வலிப்பு மீண்டும் வருதல், டயசிபாம் பெற்றவரினும் 52 விழுக்காடும், பெனிட்டோயின் பெற்றவரினும் 67 விழுக்காடும் குறைந்திருந்தது. நெடுநாளைய வழக்காறு ஒன்று இவ்வாறு பொய்யாயிற்று.

வந்த வலிப்பைத் தணிப்பது ஒன்று. வாராமற் காப்பது மற்றொன்று. பின்னதை ஆராய எழுந்ததே மேக்பை ஆய்வு. லீலியா டூலி என்னும் பெண் மருத்துவர் இதனை முன்னின்று நடத்தினார். 33 நாடுகளில், இரத்த அழுத்தம் உயர்ந்த 10,141 மகளிர் இதில் பங்குகொண்டனர். பாதிப் பேருக்கு உப்பும், பாதிப் பேருக்கு மருந்தற்ற நீர்மமும் தரப்பட்டன. மருந்து பெறாதவருள் 96 பேருக்கு வலிப்பு வந்தது. பெற்றவருள் 40 பேருக்கே வந்தது. சிசு மரணம் இதனால் குறையவில்லை என்பதையும் 2002-இல் வெளியான அறிக்கை மறைக்காது கூறிற்று.

இம்மருந்து அளவு மிஞ்சின் மூச்சைத் தளர்த்தும். அதனைக் கண்டறியப் பெரும் பொறிகள் வேண்டுவதில்லை. முழங்காலைச் சிறு சுத்தியலால் தட்டிப் பார்த்தலும், மூச்சை எண்ணுதலும், சிறுநீரை அளத்தலும் போதும். பயிற்சி பெற்ற தாதியொருவர் சிற்றூர் மருத்துவமனையிலும் இவற்றைச் செய்ய இயலும். உலகச் சுகாதார நிறுவனம் 2011-இல் வெளியிட்ட நெறிமுறைகளில், சூல்வலிப்பைத் தடுக்கவும் தணிக்கவும் இம்மருந்தையே பரிந்துரைத்தது.

மருந்து முன்பே இருந்தது. அதுவே சிறந்தது என்னும் தெளிவுதான் இல்லை. அத்தெளிவைத் தந்தவர் அறிஞர் மட்டும் அல்லர். தம் நோயின் நடுவிலும் ஆய்வுக்கு இசைந்த பல்லாயிரம் தாய்மாரும் ஆவர். அவர்தம் பெயர்கள் எந்நூலிலும் இல்லை. எனினும், பின்வந்த தாய்மார் பெற்ற வாழ்வில் அவர்க்கும் பங்குண்டு.