விரலில் சுற்றிய துணி

பாம்பன் பாலத்தில் ரயில் ஏறியதும் எல்லோரும் ஜன்னல் பக்கம் தாவுவோம். நீலக் கடல், காற்று, இரண்டு போட்டோ. அடுத்தது ராமேஸ்வரம் கோயில். அந்தக் கரையோரம் நெடுக, சின்னப்பாலம் மாதிரியான ஊர்களிலிருந்து கிளம்பி, கடலில் முங்கி முங்கி எழுகிற பெண்கள் நம் கண்ணில் படுவதே இல்லை.

பாசி எடுக்கிற பெண்கள். சேலைக்கு மேல் ஓர் ஆம்பிளைச் சட்டை. கண்ணுக்குக் கண்ணாடி. இடுப்பில் ஒரு பை. மூச்சைப் பிடித்துக்கொண்டு அடியில் போய், பாறையில் ஒட்டியிருக்கும் மரிக்கொழுந்துப் பாசியைப் பிய்த்தெடுக்க வேண்டும். பாறை சும்மா விடுமா? விரலைக் கிழிக்கும். அதற்காக விரல்களில் பழைய துணியைச் சுற்றிக்கொள்வார்கள். கையுறை என்றால் அதுதான்.

துணியையும் மீறி வெட்டுப்படும். வெட்டின மேல் உப்புத் தண்ணீர் படும். எரிச்சலைச் சொல்லி முடியாது. ஆனாலும் நாலு நாளில் காயம் மூடிக்கொள்கிறது, மறுபடி கடலுக்குப் போகிறார்கள். எப்படி?

அந்தத் துணிக்கு அடியில் ஒரு வாயு வேலை செய்கிறது. பெயர் நைட்ரிக் ஆக்ஸைடு. அதன் கதைதான் இந்த வாரம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். பல் டாக்டர் கொடுக்கிற சிரிப்பு வாயு நைட்ரஸ் ஆக்ஸைடு. இது நைட்ரிக். ஓர் எழுத்து மாறினால் ஆள் வேறு. ஒரு நைட்ரஜன் அணு, ஒரு ஆக்ஸிஜன் அணு. ஜோடி அவ்வளவுதான். வாகனப் புகையிலும் இருக்கிறது. 1772-ல் இங்கிலாந்தின் ஜோசப் ப்ரீஸ்ட்லி இதை ஆராய்ந்து எழுதினார். அதற்கப்புறம் ரொம்ப காலம் இது வெறும் புகை. விஷம். உடம்புக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு என்று யாருக்கும் தோன்றவில்லை.

தோன்ற வைத்தது எது தெரியுமா? வெடிமருந்து.

1847-ல் இத்தாலியின் அஸ்கானியோ சொப்ரேரோ நைட்ரோகிளிசரின் என்ற திரவத்தைத் தயாரித்தார். துளியூண்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். மண்டை பிளக்கிற தலைவலி! அந்தத் திரவத்தை அடக்கி ஆல்ஃப்ரெட் நோபல் டைனமைட் செய்து, 1867-ல் காப்புரிமை வாங்கினார். 1879-ல் லண்டன் டாக்டர் வில்லியம் முர்ரெல், அதே நைட்ரோகிளிசரினை ரொம்பக் கொஞ்சமாகக் கொடுத்தால் நெஞ்சுவலி தணிகிறது என்று எழுதினார். வயதான காலத்தில் நோபலுக்கே இதயக் கோளாறு வந்தது. டாக்டர்கள் எழுதிக்கொடுத்த மருந்து? நைட்ரோகிளிசரின்! விதியின் கேலியைப் பாருங்கள் என்கிற தொனியில் நண்பருக்குக் கடிதம் எழுதினார். அது 1896. அந்த டிசம்பரில் இறந்தும் போனார்.

அதே 1896-ல் நம்மூரிலும் ஒரு சங்கதி நடந்தது. கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் பிரபுல்ல சந்திர ராய், மெர்குரஸ் நைட்ரைட் என்ற உப்பைத் தயாரித்து உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தார். நைட்ரைட் என்ற சொல்லை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இன்னும் கொஞ்ச நேரத்தில் அது வேண்டியிருக்கும்.

நெஞ்சுவலி ஏன் தணிகிறது? நூறு வருஷம் யாருக்கும் தெரியாது. மருந்து வேலை செய்கிறது, போதும் என்று கொடுத்துக்கொண்டிருந்தார்கள். 1977-ல் அமெரிக்காவின் ஃபெரித் முராத், நைட்ரோகிளிசரின் உடம்புக்குள் நைட்ரிக் ஆக்ஸைடை விடுகிறது என்று கண்டுபிடித்தார். 1980-ல் ராபர்ட் ஃபர்ச்காட், ரத்தக் குழாயின் உட்சுவரே ஏதோ ஒன்றைச் சுரந்து குழாயைத் தளர்த்துகிறது என்று காட்டினார். அந்த 'ஏதோ ஒன்று' நைட்ரிக் ஆக்ஸைடுதான் என்பது சில வருஷங்களில் உறுதியானது. 1998-ல் இவர்கள் இரண்டு பேருக்கும் லூயிஸ் இக்னாரோவுக்கும் மருத்துவ நோபல் பரிசு. டைனமைட் சம்பாதித்த காசு, டைனமைட் சரக்கின் ரகசியத்தைச் சொன்னவர்களுக்கே போனது.

இதயத்தின் கதை இது. தோலுக்கு இதில் என்ன வேலை?

ஸ்காட்லாந்தில் அபர்தீன் நகரம். ரிச்சர்ட் வெல்லர் என்ற தோல் டாக்டரும் அவருடைய கூட்டாளிகளும் 1996-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நம் வியர்வையில் நைட்ரேட் இருக்கிறது. தோலில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. தோல் இயல்பிலேயே கொஞ்சம் அமிலத்தன்மை கொண்டது. அமிலம் பட்டால் நைட்ரைட்டிலிருந்து நைட்ரிக் ஆக்ஸைடு கிளம்பும். காமர்ஸ் படித்தவன் பாஷையில் சொன்னால், வியர்வை கச்சாப் பொருள், பாக்டீரியா தொழிலாளி, வாயுதான் விற்பனைச் சரக்கு. கெட்ட கிருமிகளைத் தடுக்க நம் தோலின் மேலேயே ஒரு சின்ன ஃபாக்டரி ஓடுகிறது.

காயம் பட்டால் உள்ளிருந்தும் உற்பத்தி தொடங்கும். வெள்ளை அணுக்களும் தோல் செல்களும் நைட்ரிக் ஆக்ஸைடைச் சுரக்கும். ரத்தக் குழாய் விரியும், காயத்துக்கு ரத்தம் வரும், கிருமி சாகும், புதுத் தோல் வளரும். பாசி எடுக்கிற பெண்ணின் விரலில் நடப்பது இதுதான்.

சரி, உடம்பு செய்வதை நாமே வெளியிலிருந்து செய்தால்? இந்தக் கேள்விதான் பெரிய தலைவலி. நைட்ரிக் ஆக்ஸைடு உடம்பில் சில விநாடிகள்கூடத் தங்காது. காற்றில் விட்டால் பழுப்பு நிற விஷவாயுவாக மாறிவிடும். டப்பாவில் அடைத்து மெடிக்கல் ஷாப்பில் வைக்கவா முடியும்?

அபர்தீன்காரர்கள் சுலபமான வழி ஒன்றைப் பிடித்தார்கள். ஒரு க்ரீமில் நைட்ரைட். இன்னொன்றில் அமிலம். பூசும்போது இரண்டையும் சேர்த்தால், தோலின் மேலேயே வாயு பிறக்கும். 1998-ல் இதைச் சேற்றுப்புண்ணுக்குப் பூசிப் பார்த்தார்கள். ஆமாம், நடவு வயலில் நிற்கிற பெண்களின் கால்விரல் இடுக்கில் வருமே, அதே சமாசாரம்தான். நல்ல பலன் கிடைத்தது.

எல்லா இடத்திலும் இப்படி அமையவில்லை. கொலம்பியாவில் லீஷ்மேனியா என்ற ஒட்டுண்ணியால் வரும் தோல் புண்ணுக்கு, நைட்ரிக் ஆக்ஸைடு விடும் பட்டையை ஒட்டிப் பார்த்தார்கள். 2010-ல் முடிவு வந்தது. பழைய ஊசி மருந்தில் சுமார் 95 சதவிகிதம் பேருக்குக் குணம். புதுப் பட்டையில் வெறும் 37. கையில் வாயு இருந்தால் மட்டும் போதாது. எவ்வளவு, எவ்வளவு நேரம், எவ்வளவு ஆழம் என்ற கணக்கு சரியாக இருக்க வேண்டும்.

அந்தக் கணக்கு ஒருவழியாகக் கைகூடியது 2024 ஜனவரியில். பெர்டாஸிமர் என்ற ஜெல்லுக்கு அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. அனுமதி கொடுத்தது. மொலஸ்கம் என்கிற வைரஸ் தொற்றில் குழந்தைகளின் தோலில் முத்து முத்தாகக் கொப்புளம் கிளம்பும். அதற்கான மருந்து. இதிலும் இரண்டு குழாய்தான். ஒன்றில் வாயுவைச் சிறைப்பிடித்து வைத்திருக்கும் பெரிய மூலக்கூறு. இன்னொன்றில் சிறையைத் திறக்கும் ஜெல். சோதனையில் 12 வாரம் பூசியவர்களில் 32 சதவிகிதம் பேருக்குக் கொப்புளங்கள் முழுக்க மறைந்தன. மருந்தில்லாத ஜெல் பூசியவர்களில் 20 சதவிகிதம் பேருக்கு. வித்தியாசம் நிஜம், ஆனால் மந்திரம் இல்லை.

இந்த எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்வது நல்லது. ஏனென்றால் 'நைட்ரிக் ஆக்ஸைடு சீரம், சருமம் பளபளக்கும், இளமை திரும்பும்' என்று விளம்பரங்கள் கிளம்பிவிட்டன. வருஷக்கணக்கில் ஆராய்ந்து, நூற்றுக்கணக்கான பேரிடம் சோதித்த மருந்துக்கே 32 சதவிகிதம்தான் கணக்கு. சோதனை முடிவு எதுவும் காட்டாமல் பாட்டில் விற்கிறவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். 'சில விநாடிகூடத் தங்காத வாயுவை, ஐயா, இந்த பாட்டிலுக்குள் எப்படிக் கட்டிப்போட்டீர்கள்?' பதில் சொன்னால் பர்ஸைத் திறக்கலாம். இல்லாவிட்டால் அந்தக் காசுக்கு நாலு கட்டுக் கீரை வாங்குங்கள். நைட்ரேட் அதில் நிறையவே இருக்கிறது.

இன்னொரு கணக்கு பாக்கி இருக்கிறது.

எந்தக் கிருமிக்கு எந்த மருந்து என்று ஆய்வுக்கூடத்தில் பார்ப்பது எப்படி? கண்ணாடித் தட்டில் ஜெல்லி ஊற்றி, அதில் கிருமியை வளர்த்து. அந்த ஜெல்லி அகர். 1880-களில் ஜெர்மனியில் ராபர்ட் காஹ் ஆய்வுக்கூடத்தில் தொடங்கிய பழக்கம். அகர் கடற்பாசியிலிருந்து வருகிறது. மரிக்கொழுந்துப் பாசி அகர் பாசி. கட்டக்கோரை மாதிரியான பழுப்புப் பாசிகளிலிருந்து கிடைப்பது அல்ஜினேட். ஆஸ்பத்திரியில் ஆறாத புண்ணுக்கு வைத்துக் கட்டும் நவீனக் கட்டுகளில் அல்ஜினேட் உண்டு. நைட்ரிக் ஆக்ஸைடைப் பொதிந்து காயத்துக்குள் மெல்ல மெல்ல விடும் வாகனமாகவும் இதே அல்ஜினேட்டை ஆய்வாளர்கள் சோதித்து வருகிறார்கள்.

அதாவது, உலகத்தின் காயங்களைக் கட்டுகிற சரக்குக்கு மூலப்பொருள் தருகிற இனத்துப் பாசிகளை ராமநாதபுரம் கடலில் பெண்கள் கையால் பறிக்கிறார்கள். வெட்டுப்படுவது அவர்கள் விரல். மருந்து ஆராய்ச்சி நடப்பது எங்கோ. பாசியை எடைபோட்டு வாங்குகிற வியாபாரியின் தராசில், கிழிந்த விரலுக்கு எடை கிடையாது.

புது ஜெல் வந்தால் முதலில் அது அழகு நிலையத்துக்குப் போகுமா, மண்டபம் அரசு ஆஸ்பத்திரிக்குப் போகுமா? லாப நஷ்டக் கணக்கு எழுதத் தெரிந்தவர்களுக்குப் பதில் தெரியும். அதுவரை அந்த விரல்களுக்கு உடம்பு சுரக்கிற வாயுவும், மேலே சுற்றிய பழந்துணியும்தான் துணை. ஒரு நல்ல கையுறைக்கு நோபல் பரிசு வாங்கின விஞ்ஞானம் எதுவும் தேவையில்லை. வாங்கிக் கொடுக்க ஓர் ஆள் இருந்தால் போதும்.